குவாண்டத்தில் முனைவர் பட்டம்: யாரிடம் போய்ச் சேருவது?

2025-ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியல், தொழில்நுட்பத்துக்கான அனைத்துலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள்முதல், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குவாண்டம் என்ற சொல் இல்லாத வாரமே இல்லை. அவற்றுள் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.

கேள்வி: பினாங்கில் இயற்பியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். எனக்குப் பின் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். வீட்டுக்குச் செலவு வைக்காமல் குவாண்டம் துறையில் முனைவர் பட்டம் பெற முடியுமா? எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: முடியும். இயற்பியலில் முனைவர் பட்டம் என்பது பொதுவாகப் பணம் கட்டிப் படிக்கும் படிப்பு அன்று. நல்ல ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலானவற்றில் அது உதவித்தொகையோ சம்பளமோ பெற்றுக்கொண்டு செய்யும் வேலை. கருவிகளை இயக்குவதும், இரவு முழுவதும் அளவெடுப்பதும், கட்டுரையின் முதல் வரைவை எழுதுவதும் ஆய்வு மாணவர்கள்தாம் என்பதால், அந்த உழைப்புக்குக் கொடுக்கப்படும் பணம் யாரும் காட்டும் தயவு அன்று. இதை முதலில் உங்கள் தந்தையாரிடம் சொல்லிவிடுங்கள். கட்டணம் முழுவதையும் உங்களிடமே கேட்கும் இடத்தில் உங்களுக்கென்று ஆய்வு நிதி இல்லை என்று பொருள். அங்கே போக வேண்டாம்.

பட்டர்வொர்த்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருக்கும் பெரிய வாசல் சிங்கப்பூர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 டிசம்பரில் தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப மையத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவர் ஆர்தர் எக்கெர்ட். பின்னிப்பிணைந்த ஒளித்துகள்களைக் கொண்டு (எவ்வளவு விலகியிருந்தாலும் ஒன்றின் அளவீடு மற்றதன் அளவீட்டோடு தொடர்புடையதாகவே இருக்கும் இணைகள் அவை), செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியைப் பகிரும் முறையை 1991-இல் முன்வைத்தவர் அவர். அந்த மையத்தார் உருவாக்கிய ஸ்பூக்கி-1 என்ற சிறு செயற்கைக்கோள் 2019-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டு, அத்தகைய ஒளித்துகள் இணைகளை விண்ணில் வைத்தே உருவாக்கிக் காட்டியது. இரண்டு கைகளுக்குள் அடங்கும் அந்தக் கருவியின் பின்னால் முனைவர் பட்ட மாணவர்களின் உழைப்பு இருந்தது என்பதை நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வது வழக்கம். 2024-இல் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 30 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் தேசியக் குவாண்டம் திட்டத்தை அறிவித்தது; மையமும் இப்போது பல பல்கலைக்கழகங்களில் கிளைவிட்டிருக்கிறது. நல்ல சிறப்புப் பட்டம் இருந்தால் முதுகலை இல்லாமலே அங்கு விண்ணப்பிக்கலாம். சிங்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிங்கப்பூர் அனைத்துலகப் பட்டமேற்படிப்பு விருது, நான்கு ஆண்டுகள்வரை கல்விக் கட்டணத்தையும் மாதாந்திர உதவித்தொகையையும் தருகிறது. மலேசியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நாட்டை விட்டுப் போகாமல் படிக்க வேண்டுமானாலும் வழி இருக்கிறது. மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பள்ளியும், அதே பல்கலைக்கழகத்தின் நானோ ஒளிமின்னணு ஆய்வுக் கழகமும் குறைகடத்திகளில் நீண்ட அனுபவம் உள்ளவை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் ஆய்வு வலுவாக இருக்கிறது. குவாண்டம் தகவல் கோட்பாட்டில் ஈடுபடுவோர் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக் கழகத்திலும், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் குவாந்தான் வளாகத்திலும் இருக்கிறார்கள். இங்கே பணம் வரும் வழி சற்று வேறு. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டத்தின்கீழ் விரிவுரையாளர் ஒருவர் நிதி பெற்றிருந்தால், அதிலிருந்து ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் உங்களுக்கு மாதப்படி கொடுக்கலாம். தூய அறிவியல் துறைகளுக்கென்று அமைச்சு வழங்கும் மைபிரைன்எஸ்சி உபகாரச் சம்பளத்தையும் கேட்டுப் பாருங்கள். விரிவுரையாளரிடம் மானியம் கைவசம் இருக்கிறதா, அது எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் டியூஷன் எடுத்துப் பிழைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தொலைவில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். பொதுவாக நான்கு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. டெல்ஃப்ட் நகரில் உள்ள கியூடெக் என்ற குவாண்டம் ஆய்வு நிறுவனம் அங்கே புகழ்பெற்ற இடம். ஜெர்மனியிலும் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளம்தான். மியூனிக் அருகே கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் கழகத்தை மனத்தில் வையுங்கள். இவ்விரு நாடுகளிலும் பொதுவாக முதுகலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் இளங்கலையோடு நேரடியாகச் சேரலாம். கற்பித்தல் பணி செய்தோ ஆய்வு உதவியாளராக இருந்தோ கட்டணமும் உதவித்தொகையும் பெறலாம், ஆனால் ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள்: நாட்டை முதலில் முடிவு செய்யாதீர்கள். நான்கு ஆண்டுகள் நீங்கள் வாழப்போவது ஒரு நாட்டில் என்பதைவிட ஓர் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் என்பதே உண்மை. ஆர்க்கைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் குவாண்டம் இயற்பியலுக்குத் தனிப் பகுதி உண்டு. இரண்டு மாதங்களுக்குத் தினமும் அரை மணி நேரம் அதில் தலைப்புகளையும் சுருக்கங்களையும் படியுங்கள். முதல் வாரம் எதுவும் புரியாது, அதற்காக நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் சில தலைப்புகளில் உங்கள் கண் தானாக நிற்கும். அவற்றை எழுதியவர்கள் யார், அவர்களிடம் முன்பு படித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். அந்தப் பட்டியலில் பத்துப் பெயர்கள் சேர்ந்த பிறகு, எந்த நாடு என்ற கேள்விக்குத் தானே விடை வந்திருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 31. மின்னியல் பொறியியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குவாண்டம் கணினி ஆய்வுக்குப் போக ஆசை. இயற்பியல் பட்டம் இல்லாத எனக்கு இனி இடமிருக்கிறதா, ஐயா?
(வாசகர், பாயான் பாரு)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களிடம் இல்லாததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இருப்பதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை நான் விரித்துச் சொல்கிறேன்.

2025-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. கையில் பிடிக்கக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்று முழுவதுமே குவாண்டம் விதிப்படி நடந்துகொள்ளும் என்று 1980-களில் அவர்கள் காட்டினார்கள். குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் அடிப்படை அலகுக்குக் கியூபிட் என்று பெயர். மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளால் ஆன இன்றைய மீக்கடத்திக் கியூபிட்டுகள் அந்தச் சுற்றின் வழிவந்தவை. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு அடுக்கு ஒன்றை வைத்தால் அதுதான் கியூபிட்டின் இதயம். அந்தச் சிப்பை, வெப்பநிலையின் அடி எல்லையான தனிச் சுழியத்துக்கு மேலே ஏறத்தாழ 20 மில்லிகெல்வின் வெப்பநிலையில், ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் இயங்கும் குளிர்விப்பானுக்குள் வைத்து, சில கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி இயக்குகிறார்கள்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் வேலை தடைப்படுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். குவாண்டம் சமன்பாட்டில் தடைப்படும் நாள்களைவிட, கம்பியில் தடைப்படும் நாள்களே அதிகம் என்பார்கள். அறை வெப்பநிலையில் நன்றாக இருந்த இணைப்பு குளிர்ந்ததும் விட்டுப்போகும், ஏனென்றால் ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் சுருங்குகிறது. சிப்பின் ஓரத்தில் உள்ள சிறு உலோகத் திண்டையும் வெளிப்பலகையையும் தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைக்கும் ஒயர் பாண்டிங் சரியாக இல்லாவிட்டால், ஒரு முறை குளிர்வித்துச் சூடாக்கும் நாள்கள் அத்தனையும் வீண். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்குத் தெரிந்த வேலை அது. என் அத்தை அங்கே ‘மைக்ராஸ்கோப் வேலை’க்குப் போன முதல் பெண்களில் ஒருவர். உருப்பெருக்கியில் குனிந்தபடி நாள்முழுவதும் தங்கக் கம்பியை இணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருப்பார். அவர் செய்ததைக் கியூபிட் சிப்பில் அலுமினியக் கம்பியால் செய்யத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடங்கள் இன்றும் உண்டு. நுண்ணலை அளவீடும், ஆயிரம் சிப்புகளில் எது ஏன் கெட்டது என்று புள்ளிவிவரத்தால் கண்டுபிடிப்பதும் உங்கள் அன்றாட வேலை. இயற்பியல் மட்டும் படித்து வரும் 22 வயது மாணவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் இரண்டு ஆண்டுகள் செலவிட வேண்டும்.

குறை எங்கே என்றால் குவாண்டம் இயக்கவியலில். அதை மறைக்க வேண்டாம், நிரப்புங்கள். நேரியல் இயற்கணிதத்தை முதலில் திடமாக்கிக்கொண்டு, பிறகு இளங்கலை மட்டத்துக் குவாண்டம் இயக்கவியலை ஓராண்டுக்கு மாலை நேரங்களில் கணக்குப் போட்டுப் படியுங்கள். படித்தேன் என்று சொல்வதற்கும் கணக்குப் போட்டேன் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு நேர்காணலில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் பொறியியல் பட்டத்தோடு நுழையக்கூடிய ஆய்வுக்கூடங்கள் டெல்ஃப்டிலும், சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்திலும், சிலிக்கான் கியூபிட்டுகளில் பெயர்பெற்ற சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. இரண்டு எச்சரிக்கைகள்: இடம் உறுதியாகிக் கடிதம் கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள், விண்ணப்பத்தில் உங்கள் நிறுவனத்தின் ரகசிய அளவீடுகளை எழுதாதீர்கள். செய்த முறையை எழுதலாம், எண்களை எழுதக்கூடாது.

கேள்வி: இதுவரை 40 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் ‘இடமில்லை’ என்று பதில் போட்டார். நான் அனுப்பும் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்ன தவறு என்று சொல்ல முடியுமா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் கடிதம் ‘குவாண்டம் தொழில்நுட்பம் உலகையே மாற்றப்போகிறது, சிறு வயது முதல் எனக்கு அதில் தீராத ஆர்வம்’ என்று தொடங்குகிறது. பிறகு பேராசிரியரின் சாதனைகளைப் புகழ்ந்து ஒரு பத்தி; எந்தப் பேராசிரியருக்கும் பொருந்தும் பத்தி. அதன் பிறகு மதிப்பெண்கள், கழகப் பொறுப்புகள், பெற்ற கேடயங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், வணக்கம் சொல்வதற்கு முந்தைய வரியில், ‘இறுதியாண்டுத் திட்டப்பணியில் பெல் சமனின்மையை அளந்தேன்’ என்று இருக்கிறது.

தம்பி, அந்தக் கடைசி வரிதான் கடிதம். அதை நீங்கள் அடியில் புதைத்துவிட்டீர்கள். அங்குவரை படிக்கும் பொறுமை தினமும் பத்து விண்ணப்பம் பெறும் ஒருவருக்கு இருக்காது. நான் உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டபோது நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பாருங்கள்: 405 நானோமீட்டர் ஊதா லேசரை ஒரு படிகத்தின் வழியே செலுத்தி, 810 நானோமீட்டரில் பின்னிப்பிணைந்த ஒளித்துகள் இணைகளை உருவாக்கியிருக்கிறீர்கள். பெல் சமனின்மை என்பது இதுதான்: நம் அன்றாட உலகத்தின் தர்க்கப்படி 2-ஐத் தாண்டக்கூடாத அளவு, குவாண்டம் விதிப்படி 2.83 வரை போகலாம். உங்களுக்கு முதலில் 2.1 வந்திருக்கிறது, ஒளிப்பாதையைச் சீர்செய்த பிறகு 2.4 வந்திருக்கிறது. ஓர் இளங்கலை மாணவர் இதைச் செய்வது பெருமைக்குரியது. அந்த 0.3 எப்படிக் கூடியது என்பதுதான் எந்த ஆசிரியரும் அறிய விரும்பும் செய்தி.

ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, என் இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒளித்துகள் இணைகளைக் கொண்டு பெல் சமனின்மையை அளந்து 2.4 என்ற மதிப்பைப் பெற்றேன். லேசரின் திறனைக் கூட்டியபோது இணைகளின் எண்ணிக்கை கூடினாலும் மதிப்பு குறைந்தது. தற்செயலாக ஒரே நேரத்தில் பதிவாகும் துகள்களே காரணம் என்று கண்டேன். தங்கள் குழுவின் அண்மைக் கட்டுரையில் இதே சிக்கலைக் கண்டறிகருவியின் நேரத் துல்லியத்தால் குறைத்திருக்கிறீர்கள். அந்தத் திசையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். அடுத்த ஆண்டு தங்கள் குழுவில் நிதியுடன் கூடிய இடம் உண்டா? என் திட்ட அறிக்கையை இணைத்துள்ளேன்.’ இவ்வளவே போதும். நாற்பது பேருக்கு அனுப்ப வேண்டாம். ஆறு பேருக்கு அனுப்புங்கள். ஒவ்வொருவரின் கட்டுரையையும் உண்மையாகவே படித்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம்; அது தொந்தரவு ஆகாது.

கேள்வி: கோட்பாட்டு ஆய்வா, சோதனை ஆய்வா? எனக்கு இரண்டிலும் விருப்பம்.
(வாசகர், குளுகோர்)

பதில்: இரண்டிலும் விருப்பம் என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வகைச் சலிப்பை உங்களால் தாங்க முடியும்? நான் சோதனைக்காரன். ஆய்வில் சேர்ந்த முதல் மாதத்தில் என்னிடம் கொடுக்கப்பட்ட வேலை, 780 நானோமீட்டர் லேசர் ஒளியை ஓர் ஒளியிழைக்குள் செலுத்துவது. அந்த இழையின் உட்கருவின் குறுக்களவு ஏறத்தாழ ஐந்து மைக்ரான். தலைமுடி அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். இரண்டு கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திருகுகள். ஒன்றைத் திருப்பினால் ஒளி குறையும், மற்றொன்றால் அதை மீட்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி மேலே ஏறுவதை எங்களிடம் ‘நடத்துதல்’ என்பார்கள். பதினோரு நாள் நடத்தியும் கால் பங்குக்கு மேல் ஒளி உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் மூத்த மாணவர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தாங்கும் கம்பத்தை விரலால் தட்டினார், அது ஆடியது. அடித் திருகு இறுகவில்லை. இறுக்கிய பிறகு ஒரு மணி நேரத்தில் முக்கால் பங்கு ஒளி உள்ளே போனது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கும் கை பரபரத்தால் சோதனைக்குப் போங்கள். பதினோரு நாள் வீண் என்று தோன்றினால், ஒரே தேற்றத்தோடு பதினொரு மாதம் உட்காரக்கூடிய கோட்பாட்டாளர்களோடு சேருங்கள்.

கேள்வி: என் மகன் கோட்பாட்டுக் குவாண்டம் தகவலியலில் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன் என்கிறான். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், முடித்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி?
(தாயார் ஒருவர், செந்தூல்)

பதில்: அம்மா, நியாயமான கேள்வி. முனைவர் பட்டம் பெறும் எல்லோருக்கும் பேராசிரியர் நாற்காலி கிடைப்பதில்லை. கிடைக்கும் என்று உங்கள் மகனிடம் யாராவது சொல்லியிருந்தால் அது உண்மை அன்று. பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே குடும்பத்தோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால், வெளியே வேலை இல்லாமல் இல்லை. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்ற நம்பிக்கையின் மேல்தான் வங்கிகளின் மறையாக்கத்தில் ஒரு பெரும் பகுதி நிற்கிறது. போதிய பலமுள்ள குவாண்டம் கணினி வந்தால் அந்த நம்பிக்கை உடையும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். அதனால் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2024 ஆகஸ்டில் புதிய மூன்று மறையாக்கத் தரங்களை வெளியிட்டது. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பழையதிலிருந்து புதியதற்கு மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தைப் புரிந்து வழிநடத்த உங்கள் மகன் படிக்கப்போகும் கணிதம் வேண்டும். படிக்கும் நான்கு ஆண்டுகளில் அவர் நிரல் எழுதுவதையும் கைவிடாமல் இருக்கிறாரா என்று மட்டும் அவ்வப்போது கேளுங்கள். காகிதத்தில் மட்டும் வேலை செய்து முடித்தவருக்கு, வெளியே வேலை தேடும்போது ஓராண்டு வீணாகிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் குவாண்டம் ஆய்வு செய்ய முடியுமா? மலேசியர்களை எடுத்துக்கொள்வார்களா?
(வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். இந்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்புள்ள தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-31 வரை அது நடக்கும். அதன் நான்கு மையங்களுள் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. கோட்பாடு உங்கள் விருப்பமானால், தரமணியில் அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் கழகத்தைப் பாருங்கள். குவாண்டம் தகவலியலில் நல்ல மரபு உள்ள இடம். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் ராமன் ஆய்வுக் கழகமும் ஓரிரவுப் பயணத் தொலைவில்தான் உள்ளன.

இந்திய மாணவர்கள் ஜெஸ்ட், கேட் போன்ற நுழைவுத்தேர்வுகளை எழுதிச் சேர்கிறார்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு ஐ.ஐ.டி.களில் தனி வழி உண்டு. ஆசியான் நாட்டு மாணவர்கள் ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டம் பெற 1,000 உதவித்தொகைகளை இந்திய அரசு 2018-இல் அறிவித்தது. விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறதா என்று அந்தந்த ஐ.ஐ.டி.யின் அனைத்துலகப் பிரிவில் கேளுங்கள். நம்மவர்கள் பலர் சென்னைக்குப் புடவை எடுக்கவும் கோயிலுக்கும் போகிறோம். அடுத்த முறை ஒரு நாளை ஒதுக்கி, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஓர் ஆய்வுக்கூடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆசிரியர் தம் மாணவர்களோடு எப்படிப் பேசுகிறார் என்பது எந்த இணையப் பக்கத்திலும் எழுதியிருக்காது.

கேள்வி: 15,000 ரிங்கிட் கொடுத்தால் ஐரோப்பாவில் நிச்சயமாக இடம் வாங்கித் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
(வாசகர், பிறை)

பதில்: வேண்டாம். ஆய்வு மாணவரைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியரும் அவருடைய துறையும்தான். நடுவில் முகவருக்கு வேலையே இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் ரசீதோடு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். என் மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்குப் போகிறார். பல்கலைக்கழகம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.
(வாசகி, கோலாலம்பூர்)

பதில்: உங்கள் பயம் எனக்குத் தெரியும், ஏனென்றால் இதே நிலை எனக்கும் வந்தது. என் இரண்டாம் ஆண்டு முடிவில் மேற்பார்வையாளர் வேறு நாட்டுக்குப் போனார். நான் படித்த பல்கலைக்கழகம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியே எட்டு மாதங்களைக் கடத்தியது. அதற்குள் என் உதவித்தொகைக்கு ஆதாரமாக இருந்த மானியம் முடிந்துவிட்டது. அந்த எட்டு மாதங்களில் நான் செய்த தவறு, யாராவது முடிவு சொல்வார்கள் என்று காத்திருந்தது. நீங்கள் காத்திருக்காதீர்கள்.

உங்கள் மேற்பார்வையாளர் இன்னும் இங்கே இருக்கிறார் என்பது பெரிய வசதி. இந்த மாதமே அவரிடம் நேரம் கேட்டு மூன்று விஷயங்களைப் பேசுங்கள். முதலாவது, உங்களையும் உடன் அழைத்துப்போக அவருக்கு நிதி இருக்கிறதா. இருந்தால் உங்கள் பதிவுக்காலம் புதிய இடத்தில் கணக்கில் வருமா, மீண்டும் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டுமா. இரண்டாவது, நீங்கள் இங்கேயே இருப்பதாக இருந்தால் துறையில் யார் முதன்மை மேற்பார்வையாளராக வருவது. உங்கள் பொருளுக்கு மிக நெருங்கியவரைவிட, மாணவர்களை முடிக்கவைத்த அனுபவம் உள்ளவரைக் கேளுங்கள். பொருளறிவை முன்னாள் ஆசிரியர் தொலைவிலிருந்து இணை மேற்பார்வையாளராகத் தரலாம். மூன்றாவது, கருவிகள். ஆசிரியரோடு எந்தக் கருவி போகும், எது துறையின் சொத்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு வேண்டிய லேசர் அவருடைய மானியத்தில் வாங்கப்பட்டதென்றால், அது பெட்டியில் ஏறுவதற்கு முன் அந்த அளவீடுகளை முடித்தாக வேண்டும். மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதை இப்போதே தொடங்குங்கள்.

பேசி முடித்த அன்று மாலையே, பேசியவற்றைச் சுருக்கி அவருக்கும் பட்டமேற்படிப்புப் பிரிவின் துணைப் பதிவாளருக்கும் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் அனைத்தையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, அளவீட்டுக் கோப்புகளோடு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். என்னுடைய மூன்றாம் குறிப்பேடு அந்த இடமாற்றத்தில் எந்தப் பெட்டியில் போனது என்று இன்றுவரை தெரியாது. அதிலிருந்த இருபத்தாறு நாள் அளவீட்டை நான் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.